கண்ணாடிப் பெட்டிக்குள் ஏகாம்பரம்

மூன்று படங்களுக்குத் தீர்ப்பு எழுதியாயிற்று, நான்காவதில்தான் வண்டி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம். பூண்டுக் குழம்பு வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தைத் துடைத்து அங்கே மடிக்கணினியை வைத்துக்கொண்டு பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். எதிரே படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது, அதன் வழியாக ஏகாம்பரத்தின் பாதங்களும் பனியனுக்குள் மேடு தட்டிய வயிறும் தெரிந்தன, முகம் கதவுக்குப் பின்னால் இருந்தது. அவளுக்கு முகம் தேவையில்லை, வயிறு போதும். அது ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் கொஞ்சம் யோசிக்கிறது, மறுபடி ஏறுகிறது. ஒரு கண் அங்கே, ஒரு கண் திரையில் என்று வைத்துக்கொண்டு எழுதுவது இந்த இரண்டு வருஷமாக அவளுக்குப் பழகிவிட்டது. சனிக்கிழமை இணைப்பிதழில் 'நாலு வரி' என்று ஒரு பத்தி. வாரா வாரம் வந்த படங்களை ஒவ்வொன்றும் நாலே வரியில் தீர்த்துக் கட்டுகிற வேலை. பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்குக் கிடைக்காத எதிரிகள் எல்லாம் இந்த நாலு வரியால் அவளுக்குக் கிடைத்திருந்தார்கள். 'எரிதழல் ஏகன்' படத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை: நாயகன் நடக்கிறார், இன்னும் நடக்கிறார், இடைவேளைக்குப் பிறகு ஓடுகிறார், நாம் அதற்கு முன்பே ஓடியிருக்கலாம். 'அடுத்த வீட்டு ஆவி'க்கு, பேய் வீட்டைக் காலி செய்ய மறுப்பதற்குக் காரணம் வாடகை குறைவு என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லப்படவில்லை, பயந்தது பக்கத்து சீட்டுக் குழந்தை மட்டும்தான், அதுவும் பாப்கார்ன் தீர்ந்தபோது. 'மழை வரும் என்றாள்' படத்தில் காதலர்கள் இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஜன்னல் நன்றாக நடித்திருக்கிறது, ஒளிப்பதிவுக்காக ஒருமுறை போகலாம். இதெல்லாம் கை தானாகச் செய்கிற காரியம், வெங்காயம் நறுக்குகிற மாதிரி. மிச்சம் இருப்பது 'பங்காளிகள் வருகிறார்கள்'. அதற்கும் மூன்று வரி வந்துவிட்டது, நாலாவது வரியும் வந்துவிட்டது. வந்ததுதான் வினை. அதைப் போடுவதா வேண்டாமா என்றுதான் அவள் இவ்வளவு நேரமாக எடுத்து வைத்த மோரைக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏனென்றால் அந்தப் படத்தில் செத்துப்போன அப்பாவாக, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருப்பவர், இதோ இந்தக் கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிற இவர்தான். ஊரில் யாருக்கும் தெரியாது. பத்திரிகை ஆபீசில் தெரியாது, படத்தை எடுத்தவர்களுக்கும் தெரியாது, இவர் அங்கே போய் என் சம்சாரம்தான் நாலு வரி கோதை என்று சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. ஓய்வு பெற்ற மனுஷன், கொளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் ஷூட்டிங் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அங்கே பிணமாகப் படுக்க ஏற்பாடாகியிருந்த ஆள் பெட்டியைப் பார்த்ததும் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். தயாரிப்பு நிர்வாகி கூட்டத்தில் இவர் முகத்தைப் பார்த்து, சார், உங்க முகத்துல ஒரு பெரிய மனுஷக் களை இருக்கு என்றிருக்கிறான். களை என்றதும் ஐயாவுக்குத் தலை கால் புரியவில்லை. உடனே போன். கோதை, என்னை சினிமாவுல நடிக்கக் கூப்பிடறாங்க. என்ன வேஷம்ங்க? பெரிய வேஷம், கதையே என்னைச் சுத்தித்தான் போகுது. அதில் பொய் ஒன்றும் இல்லை. சாயந்தரம் நெற்றியில் பட்டை விபூதி பாதி அழிந்தும் அழியாமலும், கையில் ஒரு டப்பா பால்கோவாவோடு வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் அவள் டப்பாவை வாங்கவில்லை. அபசகுனம் அது இது என்று பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை, சினிமாவைப் பற்றி அவளுக்குத் தெரியாததா, நூறு பிணம் பார்த்தவள், பாதிக்கு மேல் கண்ணிமை ஆடுவதைக் கண்டுபிடித்து எழுதினவள். இருந்தாலும் அன்றைக்கு அவள் வாயில் வந்தது, உங்களுக்கு வேற வேலையே கிடைக்கலியா என்பதுதான். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சமாதானம் சொன்னார். அதெல்லாம் முறையா செய்யறாங்க கோதை, இன்னிக்கு ஷாட் எல்லாம் முடிஞ்சதும் பூசணிக்காய் உடைச்சாங்க, அப்புறம் என்னை எழுப்பி உட்கார வெச்சு, மாலையெல்லாம் கழட்டிட்டு, காமிராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்தாங்க, பிணமா நடிச்சா கடைசியா சிரிக்கணுமாம், அது படத்துல வராதாம், சும்மா எடுத்து வெச்சுக்குவாங்களாம். அதைக் கேட்டதும்தான் அவள் டப்பாவை வாங்கினாள். எந்த ஹார்ட் டிஸ்கில் எந்த மூலையில் கிடக்கிறதோ அந்தச் சிரிப்பு. படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை மட்டும் திரையிட்டிருந்தால் அவள் நாலு வரி என்ன, நாற்பது வரி எழுதியிருப்பாள்.

வயிறு ஏறியது, இறங்கியது. குழம்புக்குப் பூண்டு இன்று அதிகம், அவருக்கு வாயுத் தொல்லை வரும், சாயந்தரம் ஓமத் தண்ணி வைக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாரே, அன்றைக்கும் பூண்டுக் குழம்புதான், அதனால் முதலில் வாயு என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள், இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், மாடி ஏறுகிறார், ஊறுகாய் கேட்டுச் சண்டை போடுகிறார். ஆனால் அன்றைக்கு அவளுக்குள் ஏறி உட்கார்ந்த பயம் மட்டும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. ராத்திரி முழிப்பு வந்தால் முதல் காரியமாகச் சுட்டுவிரலை அவர் மூக்குக்கடியில் கொண்டுபோய் வைப்பாள். சூடு தட்டியதும் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு தடவை அவர் முழித்துக்கொண்டு என்னடி பண்றே என்றபோது கொசு என்று சொன்னாள். அப்படிப்பட்டவளிடம்தான் இந்த மனுஷன் வந்து, அடுத்த ஷெட்யூலுக்கு நான் மூச்சு அடக்கிப் பழகணும், நீ பார்த்துச் சொல்லு, அசையுதான்னு, என்று கட்டிலில் படுத்துக்கொண்டு கையைக் கோத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். அசையவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் அப்படி, எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வார். அவள் அந்தக் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு அசையாத அந்த வயிற்றைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதற்குள் கையில் இருந்த பூந்துவாலையால் அவர் காலில் ஓங்கி ஒரு அடி. போதும் எழுந்திரிங்க. அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, நல்லாத்தானே பண்ணிட்டிருந்தேன், ஏன் கெடுத்தே என்று கோபித்துக்கொண்டார். நல்லாப் பண்ணினதுதான் பிரச்சினை என்று இவரிடம் எப்படிச் சொல்வது. அதற்குப் பிறகு அவள் இருக்கும்போது அவர் ஒத்திகை பார்க்கவில்லை, அவள் காய்கறி வாங்கப் போகிற நேரத்தில் பார்த்துக்கொண்டார்.

நேற்றுப் பத்திரிகையாளர் காட்சி. எப்போதும் போல வாசலில் பையைச் சோதித்தார்கள், எப்போதும் போல அவள் கோடியில், வெளியே போகத் தோதான சீட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் யூடியூப்காரப் பிள்ளைகள், பின்னால் அவளைப் போல பழைய ஆட்கள் நாலைந்து பேர். காலையில் கிளம்பும்போது அவர் கதவு வரைக்கும் வந்து, பயப்படாத, அது நான்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தியேட்டருக்குப் போகிற வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள், அது நான்தான் என்பதற்காகத்தானய்யா பயமே. விளக்கு அணைந்தது, தயாரிப்பாளர் பெயர், நன்றி நன்றி நன்றி, ஒரு வேப்பமரம், ஒரு வாசல், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கூடத்துக்குள் காமிரா நுழைந்தது, அங்கே அவர். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம், மூக்கில் பஞ்சு, மார்பின்மேல் ரோஜா மாலை, மேலே கண்ணாடி. நடிப்பு என்று தெரியும், மேக்கப் என்று தெரியும், காலையில் இதே வாய் இட்லிக்குச் சட்னி பத்தலை என்று சொன்னது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம். ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் நூறு தடவை மனசுக்குள் பார்த்துப் பார்த்து விரட்டிய படத்தை யாரோ காசு செலவழித்து, பெரிதாக்கி, நல்ல ஒலி அமைப்போடு எதிரே மாட்டிவிட்டார்கள். மூன்று பிள்ளைகள் வந்தார்கள், பங்கு கேட்டார்கள், சண்டை போட்டார்கள், மருமகள் ஒருத்தி பீரோ சாவியைத் தேடினாள், பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவள் எதையும் பார்க்கவில்லை. கூடம் திரையில் வரும்போதெல்லாம் பெட்டியை மட்டும் பார்த்தாள். அசையாதீர்கள் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டாள், அவருக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது, அசைந்து தொலையுங்களேன் என்று இன்னொரு பக்கம். இடைவேளையில் எல்லோருக்கும் பப்ஸும் காபியும் கொடுத்தார்கள், அவள் கையில் வாங்கிய பப்ஸை அப்படியே வைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள். அப்புறம் அந்தக் காட்சி. பெட்டியின் தலைமாட்டில் மனைவியாக நடிக்கிற பெண் உட்கார்ந்து அழுகிறாள், காமிரா அவள் முகத்தில் இருக்கிறது, கீழே ஓரத்தில் கண்ணாடிக்குள் அந்த மாலை தெரிகிறது. மாலை எழுந்தது. ஒரு விரற்கடை எழுந்து, அங்கேயே கொஞ்சம் நின்று, மெல்லத் தணிந்தது.

தியேட்டரில் ஒருவர்கூட கவனிக்கவில்லை, எல்லோரும் அழுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. பப்ஸை எடுத்துக் கடித்தாள், ஆறிப்போன பப்ஸ், என்ன ருசி. பிழைத்துக்கொண்டார், பிழைத்துக்கொண்டார் என்று உள்ளே யாரோ கத்துகிறார்கள், கண்ணில் நீர் முட்டுகிறது, பக்கத்து ஆள் இவள் படத்தைப் பார்த்து உருகுகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டுகிறார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், அது முழுசாக இறங்குவதற்குள், அவளுக்குள் இருக்கிற இன்னொருத்தி, இருபத்தைந்து வருஷமாக இருட்டில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், வாக்கியத்தைக் கட்டி முடித்துவிட்டாள்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர் ஒருமுறை மூச்சு விடுகிறார், படத்தில் உயிரோடு இருப்பது அவர் மட்டும்தான். ஒரு சொல் கூடக் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். முன்பு ஒரு சரித்திரப் படத்தில் சோழ ராஜா கையில் கைக்கடிகாரத்தின் வெயில் தழும்பைக் கண்டுபிடித்து எழுதினாளே, அதற்குப் பிறகு இப்படி ஒன்று விழவில்லை. சனிக்கிழமை காலையில் ஊர் முழுக்கப் போனில் பறக்கும், நாலு வரி அம்மா போட்டாங்க பாரு ஒரு போடு என்பார்கள், அந்த மூலைக் காட்சியை வட்டம் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டுவார்கள். ஏகாம்பரத்தின் வயிற்றுக்கு வட்டம் போடுவார்கள். படம் முடிந்ததும் வாசலில் இயக்குநர் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தான், சின்னப் பையன், தூங்காத கண். அங்கே சொல்வதற்கென்று எல்லோரும் இரண்டு மூன்று வாசகம் வைத்திருப்பார்கள், உழைப்பு தெரியுது தம்பி, வேற மாதிரி ட்ரை பண்ணியிருக்கீங்க, இந்த மாதிரி. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவா படுத்திருந்தவர் நல்லா இருந்தார் என்றாள். அவன் முகம் மலர்ந்து, அவரா, அடுத்த படத்துல பேங்க் மேனேஜர் மேடம், ரெண்டு டயலாக் கொடுத்திருக்கேன் என்றான்.

இதுதான் இடிக்கிறது. அந்த இரண்டு டயலாக்கை அவர் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். மன்னிக்கணும் தம்பி, ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு. உங்கப்பா இருந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது. மன்னிக்கணும் என்பதில் அழுத்தம் வேண்டுமா, ரூல்ஸ் என்பதில் வேண்டுமா என்று தேங்காய் துருவுகிறவளிடம் வந்து கேட்கிறார். இந்த வயதில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வருவது சுலபமா. எழுதினால் அது போய்விடும். பிணமாகக்கூடப் படுக்கத் தெரியாதவனுக்கு வசனம் எதற்கு என்று அந்தப் பையன் நினைப்பான், அவன் நினைக்காவிட்டாலும் நிர்வாகி நினைப்பான். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதுதான் இன்னும் மோசம், ஏனென்றால் இவளுக்குத் தெரியும், இவளுக்குத் தெரிந்து வாழ்க்கையில் இவருக்குத்தான் இந்தச் சலுகையைத் தர முடியாது. எடையளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. அவளுடைய அண்ணன் கடையில் படிக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டி எடுத்திருந்ததைக் கண்டுபிடித்து, அங்கேயே, அண்ணன் மகள் காபி கொண்டுவந்து நீட்டுகிறபோதே, வழக்கு எழுதினவர். காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தார். அண்ணன் எத்தனையோ வருஷம் பேசவில்லை, பொங்கல் வரிசை வரவில்லை, அவளும் கொஞ்ச நாள் பேசவில்லை, அப்புறம் ராத்திரி ஒருநாள் யோசித்துப் பார்த்தால் அந்தக் கடையில் குறைந்த எடைக்குப் பருப்பு வாங்கிப் போன ஜனங்கள் முகம் வந்தது, சரிதான் இவர் செய்தது என்று தோன்றிவிட்டது. சரி என்று தோன்றிய பிறகு ஒருத்தரோடு எவ்வளவு நாள் கோபமாக இருக்க முடியும். அப்படிப்பட்டவருக்காக, இவள் தன் படிக்கல்லைச் சுரண்டுவதா. அடுத்த வாரம் வேறு எவனாவது பிணமாகப் படுத்து இமையை ஆட்டுவான், அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், அவனைப் பற்றி எந்த முகத்தோடு எழுதுவது.

மேஜைமேல் போன் நடுங்கியது. இணைப்பிதழைப் பார்த்துக்கொள்கிற ரிஸ்வான், மேடம் நாலாவது படம் மட்டும் பாக்கி, பக்கம் வெயிட்டிங் என்று போட்டு இரண்டு கை கூப்பியிருந்தான். இதோ என்று பதில் போட்டாள். இதோ என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும். வேறு நாலாவது வரி தேடலாம். இசை? இசை நினைவில்லை. படத்தொகுப்பு? யாருக்கு வேண்டும். மனைவியாக நடித்த பெண்ணைப் பற்றி ஒரு வரி போடலாமே, புதுமுகம், வயதுக்கு மீறிய வேஷம், கன்னத்து எலும்பில் நிழல் விழுகிற நல்ல முகம். அவள் என்ன சொல்லி அழுதாள்? ஒன்றுமே நினைவில் இல்லை. அந்த நேரத்தில் காதை மாலையில் தொலைத்துவிட்டிருந்தாள் பூங்கோதை, ஒரு விமரிசகி செய்யக் கூடாத காரியம், வெளியே தெரிந்தால் மானம் போகும். அந்த வாக்கியத்தைத் தட்டினாள், பார்த்தாள், அழித்தாள். மறுபடி தட்டினாள். ரொம்ப நல்ல வாக்கியமாகத்தான் இருக்கிறது, பாவி வாக்கியம். ஒரு சொல்லை மாற்றி மென்மையாக்கலாமா என்று பார்த்தாள், மென்மையாக்கினால் சவசவ என்று ஆகிவிட்டது. ஒரு வேளை அவர் படிக்கவே மாட்டாரோ? படிப்பார். சனிக்கிழமை காலை காபியோடு அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக உருவி எடுத்து, மேலிருந்து கீழே படித்து, மடித்து, ஒன்றும் சொல்லாமல் ராசிபலனுக்குப் போவார். இத்தனை வருஷத்தில் நல்லா இருக்கு என்றோ நல்லா இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. முன்கூட்டி என்ன எழுதினே என்று கேட்டதும் கிடையாது, அவர் யார் கடைக்குச் சோதனைக்குப் போகிறார் என்று அவள் கேட்டதில்லை, அது போல. நல்ல ஏற்பாடு. எத்தனை வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் வேலைக்கு ஒருத்தர் மரியாதை கொடுக்கிறார்கள். சண்டை இல்லாத வீடு இல்லை, ஆனால் இந்த வீட்டுச் சண்டை எல்லாம் ஊறுகாயோடு சரி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒருவர் தூங்க, ஒருவர் எழுத, தெருவில் பழைய பேப்பர்காரன் கத்திக்கொண்டு போக, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். கதவிடுக்கில் வயிறு இல்லை. வெறும் படுக்கை விரிப்பும் ஒரு முழங்காலும் தெரிந்தன. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டாள், அப்புறம்தான் புரிந்தது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். நாற்காலிச் சத்தத்தில் அவர் இருமினார், கட்டில் முனகியது, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வந்து நின்றார், கன்னத்தில் தலையணை மடிப்பு.

"மணி என்னாச்சு?"

"காபி நேரம்தான்."

அவர் உள்ளே போகவில்லை. மேஜைக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடிக்கணினியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்று இருக்கிறவர் கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"நம்ம படம் எழுதியாச்சா?"

"எழுதிட்டே இருக்கேன்."

"நான் எப்படி?"

"அம்சமா படுத்திருந்தீங்க," என்றாள்.

"நேத்துலேருந்து இதையே சொல்றே. மூச்சு விட்டேன்ல?"

பொய் சொல்ல வாய் திறந்தாள், இந்த மனுஷனிடம் அது நிற்காது என்று மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சுதா?" என்றார் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சுது. வேற யாரும் பார்க்கலைங்க."

"யாரும் பார்க்கலேன்னா?" ஏகாம்பரம் தாடையைத் தடவிக்கொண்டார். "நீ பார்த்தேல்ல. எழுதிடு. தப்பு தப்புதானே. பேங்க் மேனேஜர் போனாப் போவுது, எனக்கென்ன, நான் என்ன அதை நம்பியா அரிசி வாங்கறேன்?" சொன்ன வேகத்தில் கண்ணைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவர் நம்பியிருந்தார். அரிசிக்கு இல்லை, அதைவிடப் பெரிய எதற்கோ நம்பியிருந்தார் என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் பாவமாகவும் பெருமையாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் கோபம் வந்தது.

"ஏன் விட்டீங்க? இங்க கட்டில்ல அவ்வளவு நேரம் அடக்கினீங்க. நான் அடிச்சு எழுப்ப வேண்டியிருந்துச்சு. அங்க போய் ஏன் கோட்டை விட்டீங்க?"

"அடக்கிட்டுத்தாம்மா இருந்தேன். எல்லா டேக்கும் அடக்கினேன். அந்தப் பையனே கை தட்டினான்."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு இருக்கே, என் சம்சாரமா நடிச்சுதே. ஒத்திகையில எல்லாம் ஐயோ ஐயோன்னு மட்டும்தான் அழுதுச்சு. டேக்ல என்ன நினைச்சுதோ, திடீர்னு குனிஞ்சு, கண்ணாடிமேல கையை வெச்சு, 'என்னங்க'ன்னு கூப்பிட்டுச்சு." அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அது கூப்பிட்ட விதம் நம்ம வீட்ல கூப்பிடற மாதிரியே இருந்துதா, நான் எங்க இருக்கேன்னு மறந்துட்டேன். 'என்ன'ன்னு கேட்கறதுக்கு மூச்சை இழுத்துட்டேன் கோதை. நல்ல வேளை, தாடையில துணி கட்டியிருந்தாங்க. இல்லேன்னா கேட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டு, இதைப் போய்ச் சொன்னோமே என்கிற முகத்தோடு எழுந்து, "பால் இருக்குல்ல? நானே காபி போடறேன், நீ எழுதி முடி," என்று சமையலறைக்குள் போய்விட்டார். பிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம், பாத்திரத்தைத் தேடுகிற சத்தம், எத்தனை வருஷமானாலும் இவருக்குப் பால் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாது. பூங்கோதை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். முப்பத்தோரு வருஷம் என்னங்க என்று கூப்பிட்டிருக்கிறாள், சோப்பு எடுத்துக் கொடுங்க, காஸ் வந்திருக்கு பாருங்க, அந்தப் பல்லியை விரட்டுங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு என்ன. திட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார், வராமல் இருந்ததில்லை. செத்த வேஷத்திலும் வரப் பார்த்திருக்கிறார். நேற்று தியேட்டரில் அந்தக் குரலும் காதில் விழுந்துதான் இருந்தது, இப்போதுதான் மனசுக்கு எட்டியது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். நாலு வரியையும் முழுசாக அழித்தாள், இந்த முறை கை தயங்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை, கேலி செய்யவும் ஒன்றும் இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். நிறுத்தாமல் எழுதினாள்: அப்பா செத்த வீட்டில் பங்குக்கு அடித்துக்கொள்ளும் மூன்று பிள்ளைகள். கதை பழசு, கூச்சல் பெருசு. ஆனால் மனைவியாக வரும் புதுமுகம் 'என்னங்க' என்று ஒரே ஒரு முறை கூப்பிடுகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவருக்கே மூச்சு வந்துவிடுகிறது, மாலையைக் கவனியுங்கள், இதற்காகவே போகலாம்.

ஒருமுறை படித்துப் பார்த்தாள். எடை சரியாக இருந்தது. ரிஸ்வானுக்கு அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினாள். சமையலறையில் பால் பொங்கப் போகிற வாசனை வந்தது, அவர் மேனேஜர் குரலில் மன்னிக்கணும் தம்பி என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள்.

"என்ன?"

உடனே வந்தது பதில், கரண்டிச் சத்தத்தோடு.

"ஒண்ணுமில்ல," என்றாள் பூங்கோதை.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி கூப்பிடறே, பால் பொங்குது இங்க," என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார்.